ருபிடியம் ஏறிய இரண்டாம் படி

கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அனிட்டா டீச்சரைத் தெரியும். அவர் யாரிடமும் வீடியோ எடுக்கச் சொன்னதில்லை. பென்டிரைவ் வந்து சிடி செத்துப்போன பிறகு, ஸ்டுடியோ பரண்களில் தூசி குடித்துக்கொண்டிருந்த பழைய சிடி ரைட்டர்களைக் கேட்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிய ஒரே ஆள் அவர்தான்.

"இன்னா டீச்சர், பழைய இரும்புக் கட போட்டுட்டீங்களா?" என்று முதல் நாள் கேட்டவர் தீனதயாளன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருப்பவர்.

"உள்ள ஒரு லேசர் இருக்கும்ண்ணே. கடுகு சைசு. அது மட்டும் குடுத்தா போதும், டப்பாவ நீங்களே வச்சிக்கங்க."

"அத வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"அணுவுக்கு வெளிச்சம் காட்டுவேன்."

தீனதயாளன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பரண் மேல் ஏறி ஏழு ரைட்டர்களை இறக்கிக் கொடுத்தார். அன்று முதல் ஊரில் எந்த ஸ்டுடியோ மூடினாலும் முதல் தகவல் அவரிடமிருந்துதான் டீச்சருக்குப் போகும்.

அனிட்டாவுக்கு இப்போது நாற்பத்துநாலு வயது. திருக்கோவிலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா சூசை கரும்பு டிராக்டர் ஓட்டினார், அம்மா செலினா களை எடுக்கப் போனார். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, கச்சிராயபாளையம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். கணவர் ரெக்ஸ் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். மனைவியின் சமையல் வேகம் தெரிந்து, அடுப்பைத் தானே எடுத்துக்கொண்ட புத்திசாலி.

பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடை விடுமுறையில், ஆசிரியர்களுக்கான பயிற்சி என்று பெங்களூருவில் ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு இரண்டு மாதம் போனார். அங்கே ஒரு அறை முழுக்க லேசர்கள். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஆறு பக்கமிருந்தும் வெளிச்சம் பாய, நடுவில் கோடிக்கணக்கான ருபிடியம் அணுக்கள் ஓட்டம் ஒடுங்கி நின்றன. அணு ஓடுகிற வேகம்தான் அதன் சூடு. வேகம் போனால் சூடும் போய்விடும். உலகத்தில் எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிரில் அந்த அணுக்கள் இருந்தன. திரையில் பார்த்தால் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அனிட்டா அதைப் பார்த்துவிட்டு விடுதிக்குப் போய் அழுதார். ஏன் என்று ரெக்ஸ் போனில் கேட்டதற்கு, "பத்து வருசமா அணு அணுன்னு போர்டுல எழுதிக்கினு இருந்தேன். இன்னிக்கிதான் பாத்தேன்" என்றார்.

அந்தக் கூண்டைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவர முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் சின்னதாக ஒன்றைக் கேட்டார். ருபிடியம் ஆவி அடைத்த, விரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்று. அந்த ஆய்வகத்துத் தலைவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு பகுதிநேர ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்துவிட்டார் அனிட்டா.

ஆராய்ச்சி என்னவென்றால் இதுதான். ருபிடியம் அணு சாதாரணமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். எழுநூற்றெண்பது நானோமீட்டர் அலைநீளத்தில் லேசர் பாய்ச்சினால் ஒரு படி ஏறும். அங்கே நிற்கும்போதே எழுநூற்றெழுபத்தாறில் இன்னொரு லேசர் பாய்ச்சினால் இரண்டாம் படி ஏறும். இரண்டு வெளிச்சமும் சிவப்பின் கடைசி ஓரம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ரகம். ஆனால் இரண்டாம் படிக்குப் போன அணுக்களில் சில, இறங்கும்போது வேறு வழியாக இறங்கும். அப்போது நீல வெளிச்சம் விடும். சிவப்பை மட்டும் ஊட்டிய குப்பிக்குள் நீலம் தெரிந்தால் அணு மேலே போய் வந்தது என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

சிடி எழுதும் லேசர் பிறவியிலேயே எழுநூற்றெண்பது. ஆகவே முதல் படியைச் சீக்கிரமே ஏற்றிவிட்டார். இரண்டாம் படியில்தான் சனி பிடித்தது. லேசரைக் குளிரவைத்தால் அலைநீளம் குறையும். எழுநூற்றெழுபத்தாறுக்கு இழுக்கப் பதின்மூன்று டிகிரி குளிர் வேண்டும். கள்ளக்குறிச்சியில் பதின்மூன்று டிகிரியைக் குளிர்பானக் கடையில்தான் பார்க்கலாம். மின்சாரத்தில் குளிரும் தகடு ஒன்றை லேசருக்கு அடியில் வைத்தார். குளிர்ந்தது, ஆனால் காற்றிலிருந்த ஈரமெல்லாம் லேசர் மேல் பனியாகப் பூத்துவிட்டது. டப்பாவுக்குள் வைத்து மூடினால், அலைநீளத்தை நகர்த்தும் திருகைத் திருப்ப ஒருமுறை திறந்தாலே மறுபடி பூத்தது. அந்த வகையில் பதினோரு லேசர்கள் செத்தன. முதல்வர் அறை ஏசியைக் கேட்டு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்றார். பதினெட்டுக்குக் கீழே இறங்காத அந்த ஏசி, மேசையை மட்டும் நன்றாக ஆட்டியது.

இதற்கிடையில் ஒரு பெரிய அவமானமும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் டீச்சரின் கதை பாதிதான். கொரோனா முடிந்த வருஷம், ஒருநாள் குப்பியைக் கைபேசியில் படம் எடுத்தபோது திரையில் ஊதாவாக ஒரு கீற்று ஓடியது. அனிட்டா துள்ளிக் குதித்துக் கல்லூரி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். நம் ஊரில் ஒரு நல்ல சேதி வந்தால் அதை முதலில் சரிபார்க்கிறவர் யார்? பிளெக்ஸ் அடிக்கிறவரைத்தான் முதலில் கூப்பிடுவோம். மறுநாள் காலை கல்லூரி வாசலில் பத்தடிக்கு பிளெக்ஸ் நின்றது: 'அணுவை ஒளிரவைத்த எங்கள் அனிட்டாவே!' கீழே பதினாறு பேருடைய பாஸ்போர்ட் படம்.

மத்தியானம் வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்தார். "டிவி ரிமோட்ட எப்பவாவது போன் கேமராவுல பாத்திருக்கியா அனிட்டா? பட்டன அமுக்கிட்டுப் பாரு."

பார்த்தார். ரிமோட்டின் மூக்கிலும் அதே ஊதா. கண்ணுக்குப் படாத சிவப்பைக் கேமரா தன் இஷ்டத்துக்கு ஊதாவாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். பிளெக்ஸை இறக்கச் சொன்னால் யாரும் இறக்கவில்லை, "இருக்கட்டும் டீச்சர், அழகாத்தான இருக்குது" என்றார்கள். ஒரு வாரம் கழித்து அவரே ஏணி போட்டு ஏறி, கயிற்றை அறுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு இரண்டு விஷயத்தை அவர் நம்பவில்லை. ஒன்று கேமரா. இன்னொன்று, நீலத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிற தன் சொந்தக் கண்.

போன வருஷம் நவம்பரில் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பிப்ரவரி கடைசியில உன் பதிவு முடியுது. இனிமே நீட்டிப்பு கிடையாது. ரெண்டாம் படிய விட்டுடு. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு அந்த அத்தியாயத்த ரொப்பு. யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேனே சார்."

"பிடிவாதம் புடிச்சா பட்டம் போயிடும்மா."

"ஏறிச்சா இல்லியான்னு தெரியாம வாங்கினா, அது எனக்குப் பட்டம் இல்ல சார். இன்னொரு பிளெக்ஸு."

அந்த டிசம்பரில் மாணவர்களை அழைத்துக்கொண்டு கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் முகாம் போனார்கள். காலையில் எழுந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகக் கிடந்தது. மற்ற டீச்சர்கள் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கினார்கள். அனிட்டா பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பதினான்கு காட்டியது. ஜனவரியில் இன்னும் இறங்கும். காற்றே குளிர்ந்திருந்தால் தகடு எதற்கு? தகடு இல்லாவிட்டால் லேசர் மேல் பனி ஏன் பூக்கப்போகிறது? இத்தனை வருஷம் குளிரை ஆய்வகத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர், ஆய்வகத்தைக் குளிருக்குக் கொண்டுபோக ஒரே நிமிஷத்தில் முடிவு செய்தார்.

மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. தலைமை ஆசிரியை சிஸ்டர் நிர்மலாவிடம் பேசி, பொங்கல் விடுமுறையில் நாலு நாளைக்கு ஒரு வகுப்பறை கேட்டார். விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், சமையல்காரி பாப்பாத்தி மட்டும் இருப்பாள், தாராளமாக வாருங்கள் என்றார் சிஸ்டர்.

தீனதயாளன் தன் வேனில் எல்லாவற்றையும் ஏற்றினார். கடப்பைக்கல் பலகை ஒன்று, அதிர்வு தட்டாமலிருக்க அதற்கு அடியில் வைக்க அரைக் காற்று அடித்த சைக்கிள் டியூப் நாலு, லேசர்கள், அலைநீளம் காட்டும் கருவி, பேட்டரிகள், கறுப்பு மரப்பெட்டி, பஞ்சில் சுற்றிய குப்பி. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அனிட்டா குப்பியை மடியில் அணைத்துக்கொண்டார். "அஞ்சாம் நாள் காலைல பத்து மணிக்கு வருவேன் டீச்சர். தை பொறந்துடுச்சு, மறுநாளே முகூர்த்தம் இருக்குது. ஒரு நாள் கூட நீட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

முதல் நாள் பொருத்துவதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் விடியலில் வெப்பமானி பதின்மூன்றரை காட்டியது. குப்பிக்கும் முதல் லேசருக்கும் மட்டும் சின்ன ஹீட்டர். அணுவுக்குச் சூடு வேண்டும், இரண்டாவது லேசருக்குக் குளிர் வேண்டும் என்பது சம்பந்தி வீட்டார் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கிற வேலை. எழுநூற்றெழுபத்தெட்டு, எழுபத்தேழரை, எழுபத்தேழு என்று அலைநீளம் இறங்கிக்கொண்டே வந்தது. அனிட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்பினார். திடீரென்று எல்லாம் திரும்பி ஏறத் தொடங்கியது. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. பேட்டரியைச் சோதித்தார். வயரைக் கழற்றி மாட்டினார். கருவியைப் பிரித்தே போட்டுவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தன் பாதம் இதமாக இருப்பதை உணர்ந்தார்.

மேசைக்கு அடியில் ஒரு மண்சட்டி. அதில் செக்கச்செவேலென்று தணல்.

"பாப்பாத்தி!"

பாப்பாத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அந்த மலைக்காரி. "இன்னா டீச்சரு?"

"இத யார் இங்க வச்சது?"

"நான்தான். நீங்க வெடவெடன்னு நடுங்கிக்கினு இருந்தீங்க. கூப்ட்டா காதுல வாங்கல. அதான் சத்தம் போடாம கால்கிட்ட வச்சிட்டுப் போனேன்."

அனிட்டாவுக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணைக் கண்டபடி பேசிவிட்டார். பத்து வருஷம் என்றார், பதிவு என்றார், அறிவு இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். பாப்பாத்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அனிட்டா உட்கார்ந்து பார்த்தார். விருந்தாளி நடுங்கினால் தணல் வைக்கிற வீட்டில், குளிர்தான் வேண்டும் என்று தான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வெட்கமாக இருந்தது. சமையலறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் பாப்பாத்தி, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "இங்க வர்றவங்க எல்லாம் குளிருக்கு பயந்துக்கினுதான் வருவாங்க. குளிரு வோணும்னு வந்தவங்கள நான் பாத்ததே இல்ல."

மூன்றாம் நாள் மேகம் மூடிக்கொண்டது. விடியலிலேயே பதினேழு. நாலாம் நாளும் அப்படியே. அனிட்டா விடாமல் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார், அலைநீளம் எழுபத்தேழுக்குக் கீழே வர மாட்டேன் என்றது. அன்று மத்தியானம் சோறு போடும்போது பாப்பாத்தி கேட்டாள்.

"குளிருதான வோணும்? ஓடைகிட்ட பழைய மோட்டார் ரூமு இருக்குது. பள்ளம். வெயிலே எறங்காது. அங்க தெனை காயப்போட்டா மூணு நாளானாலும் ஈரம் போவாது. மலையில வேற எங்க மேகம் மூடினாலும் அங்க சில்லுன்னுதான் இருக்கும்."

"மோட்டார் ஓடுமா? அதிர்ந்துச்சுன்னா போச்சு."

"அது எரிஞ்சி ரெண்டு வருசம் ஆவுது."

கடப்பைக்கல்லை இரண்டு பெண்களும் இரண்டு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். நாலு நடை. கடைசி நடையில் பாப்பாத்தி கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், தலைமேலிருந்த பேட்டரியை மட்டும் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் லேசர் இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, பெட்டியை மூடிவிட்டு, நாளை விடியல் ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அனிட்டா படுத்தார். தூங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். உழைத்த உடம்பு.

ஐந்தாம் நாள் விடியலில் மோட்டார் அறை வெப்பமானி பன்னிரண்டே முக்கால் காட்டியது. எழுபத்தெட்டு, எழுபத்தேழு, எழுபத்தாறரை. லேசர் மேல் ஒரு சொட்டுப் பனி இல்லை. எழுபத்தாறு வந்ததும் அனிட்டா திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டில், லேசர் நேராகக் கண்ணில் படாதபடி, பார்ப்பதற்கென்று ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்தார். இருட்டு. மறுபடி திருகு. இருட்டு. மறுபடி.

ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. நூல் மாதிரி. உடனே கண்ணை எடுத்துவிட்டார்.  நீலமா? இல்லை, பத்து வருஷ ஆசையா? வெளிச்சத்தை அளக்கும் கருவியை வைத்தால் லேசரின் சிவப்பே அதில் வழிந்து நிறைந்துவிடும். கேமராவை எடுக்கவே மாட்டார். இன்னொரு கண் வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத கண். காப்பித் தூக்கோடு வாசலில் வந்து நின்ற பாப்பாத்தியைக் கூப்பிட்டார்.

"பாப்பாத்தி, இங்க குந்து. இந்த ஓட்டயில கண்ண வையி. கொஞ்ச நேரம் இருட்டுக்குப் பழகட்டும். இன்னா தெரியுதுன்னு சொல்லு. ஒண்ணும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எனக்காக எதுவும் சொல்லாத."

பாப்பாத்தி உட்கார்ந்தாள். அனிட்டா பெட்டியின் மறுமுனைக்குப் போய், இரண்டாவது லேசருக்கு முன்னால் ஒரு காலண்டர் அட்டையை வைத்து மறைத்தார். தன் கைபேசி எண்ணின் இலக்கங்களை வரிசையாக எடுத்துக்கொண்டார். ஒற்றைப்படை வந்தால் மறைப்பது, இரட்டைப்படை வந்தால் திறப்பது. எது செய்தாலும் அட்டையை ஒரே மாதிரி தட்டிச் சத்தம் எழுப்பினார். பாப்பாத்திக்கு எதுவும் தெரியக் கூடாது.

"இப்ப?"

"இருட்டு."

"இப்ப?"

"இருட்டுதான்."

அட்டையை எடுத்தார். "இப்ப?"

 "தே... இன்னாது இது? நடுவுல ஒரு கோடு. கேஸ் அடுப்ப சிம்முல வச்சா எரியுமே, அந்தக் கலரு."

 அனிட்டா அடுத்த இலக்கத்துக்குப் போனார். மறைத்தார், "போயிடுச்சு" என்றாள். திறந்தார், "வந்திடுச்சு" என்றாள். பத்துக்குப் பத்து. அனிட்டா நோட்டில் குறித்துவிட்டு, ரெக்ஸின் எண்ணை வைத்து இன்னொரு பத்து ஆரம்பித்தார். அதுவும் பத்துக்குப் பத்து. மூன்றாவதாகப் பேராசிரியரின் எண்ணைத் தேடினார்.

பாப்பாத்தி எழுந்துவிட்டாள்.

"டீச்சரு, எத்தினி தடவ கேப்பீங்க? நான் சொல்றதுல நம்பிக்க வரலன்னா நீங்க வந்து இங்க குந்துங்க. அட்டைய நான் புடிக்கிறேன்."

 இது அனிட்டாவுக்குத் தோன்றவேயில்லை. மறைக்கிறதும் திறக்கிறதும் தன் கையில் இல்லையென்றால், தன் ஆசையால் தன்னை ஏமாற்ற முடியாது. போய் உட்கார்ந்து, கண்ணை ஓட்டையில் வைத்தார். இருட்டு பழகட்டும் என்று காத்திருந்தார். அட்டை தட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

"இல்ல."

"செரி. இப்ப?"

"இல்ல."

"செரி. இப்ப?"

"இல்ல பாப்பாத்தி."

"செரி." அவள் எந்த எண்ணையும் பார்க்கவில்லை, தன் இஷ்டத்துக்கு விளையாடினாள். "இப்ப?"

கண்ணாடிக் குப்பியின் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நீலம் நின்றது. மெல்லியது, ஆனால் ஆடாமல் நின்றது. சிவப்பு தவிர வேறெதுவும் போகாத குப்பிக்குள் நீலம். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அனிட்டா நெற்றியைப் பெட்டியோடு அழுத்திக்கொண்டு பார்த்தார்.

"டீச்சரு, கேக்கறேன்ல? இப்ப?"

"இருக்கு" என்றார். "இருக்கு பாப்பாத்தி."

"செரி."

பத்து முறை கேட்டு முடித்தபோது டீச்சரின் முகம் முழுக்கக் கண்ணீர். ஒன்றுகூடத் தப்பவில்லை. வெயில் ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருகின் நிலை, வெப்பம், மின்னோட்டம் எல்லாவற்றையும் குறித்தார். இனி கல்லூரியிலும் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். ஒன்பதரைக்குப் பள்ளத்திலிருந்து ஏறி, சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று பேராசிரியருக்குப் போன் செய்தார்.

"சார், ரெண்டாம் படி ஏறிடுச்சு."

 "போட்டோ எடுத்தியா?"

"எடுக்கல சார். ரெண்டு பேரு பாத்தோம். மறைச்சி மறைச்சி முப்பது தடவ. முப்பதும் சரி."

 கீழே வளைவில் தீனதயாளனின் வேன் ஹாரன் கேட்டது.

"கம்ப்யூட்டர் அத்தியாயம் வேண்டாம்" என்றார் பேராசிரியர். "இத எழுதும்மா. யார் பாத்தாங்கன்னு பேரோட எழுது."

அதை அனிட்டா முன்பே மோட்டார் அறையில் நோட்டில் எழுதிவிட்டிருந்தார். பார்த்தவர்கள்: பாப்பாத்தி, அனிட்டா. அந்த வரிசையில்தான் எழுதியிருந்தார்.